நாக்கின் அடியில் கரையும் பத்து நிமிடம்

என் மகனுக்கு,

நீ முன்னறையில் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருக்கிறாய். நான் உள்ளறையில் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதுகிறேன். எழுந்து பத்தடி நடந்தால் நேரிலேயே சொல்லிவிடலாம். ஆனால் முப்பத்தாறு வருடம் தபால் நிலையத்தில் உட்கார்ந்து எழுந்தவளுக்கு வாயைவிடக் கைதான் ஒழுங்காகப் பேசும். அதுவும் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குப் பிறகு என் வாயை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

அன்று கல்யாணப் புடவை பார்க்க ஜெயங்கொண்டத்திலிருந்து உன் அத்தை வந்திருந்தார். காலை ஒன்பது மணி. வழக்கம்போல நீ மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். அது கரைகிற பத்து நிமிடமும் வாய் திறக்கக் கூடாது, விழுங்கக் கூடாது. "என்னடா தம்பி, அத்தைகிட்ட பேச மாட்டியா? வாய்ல என்ன?" என்று அவர் கேட்டார். நான் முந்திக்கொண்டேன். "விட்டமின் மாத்திர அத்தாச்சி. கல்யாணத்துக்கு முன்னாடி ஒடம்பத் தேத்தணும்னு டாக்டர் குடுத்துருக்காங்க." அத்தை விடவில்லை. "விட்டமினுக்கா இப்படி வாயக் கட்டிக்கிட்டு ஒக்காந்துருக்கான்? எம் மருமவளுக்கும் ரெண்டு வாங்கிக் குடுங்க, அவளும் பத்து நிமிசம் சும்மா இருப்பா." எல்லாரும் சிரித்தார்கள். நீயும் கண்ணால் சிரித்தாய். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தாய். மாத்திரை கரைந்து முடிந்ததும் நீ உண்மையைச் சொல்லியிருக்கலாம். "சாப்புட்டீங்களா அத்தை?" என்று மட்டும் கேட்டாய்.

என் பொய்யை நீ சுமப்பது அது முதல் தடவை இல்லை. அதை இறக்கி வைக்க நீயே ஒரு வழியும் காட்டியிருந்தாய். போன வருடம் ஆரம்ப சுகாதார நிலையத்தில், மற்றக் குடும்பங்கள் படிப்பதற்கு உன் கதையை எழுதித் தர முடியுமா என்று கேட்டார்கள். "எங்கம்மா எழுதட்டும். அவங்க எழுதுனா ஒரு எழுத்துப் பிழை இருக்காது. யாரு வேணும்னாலும் படிக்கட்டும்" என்றாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இப்போது எழுதுகிறேன். உனக்கு எழுதுவதுதான், ஆனால் உறையை ஒட்டப்போவதில்லை.

உன் நோய் எனக்கு முதலில் பெருமையாகத்தான் அறிமுகமானது. உன் அப்பா மாரடைப்பில் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. நீ அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பொக்லைன் ஓட்டிக்கொண்டிருந்தாய். விடுமுறைக்கு வந்தவன் இரண்டே நாளில் வீடு முழுவதும் வெள்ளையடித்தாய். கொல்லைச் சுவர், மாட்டுக்கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்த துவைக்கிற கல் என்று எதையும் விடவில்லை. தூக்கமில்லை, பசியில்லை, பேச்சு ஓயவில்லை. சொந்தமாக நான்கு பொக்லைன் வாங்கப் போவதாகவும் பெரம்பலூர் முழுக்க உன் வண்டிதான் ஓடும் என்றும் சொன்னாய். நான் தெருவில் நின்று, "எம் புள்ள ஒத்த ஆளா ரெண்டு நாள்ல முடிச்சுட்டான்" என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திச் சொன்னேன். மூன்று வாரம் கழித்து நீ சுவரைப் பார்த்துப் படுத்தாய். எழவில்லை. நான் போர்வையை உருவினேன். "எட்டு மணி ஆச்சு. ஆம்பளப் புள்ள படுத்துக் கெடக்குற நேரமா இது?" நான் படித்த கான்வென்ட் விடுதியில் விடியற்காலை ஐந்துக்கு மணி அடிக்கும், எழாதவர்கள் ஜெபம் முடியும் வரை நிற்க வேண்டும். அந்த மணியைத்தான் நான் வீட்டுக்கும் கொண்டுவந்தேன். வெள்ளையடித்ததும் சுவரைப் பார்த்துப் படுத்ததும் ஒரே நோயின் இரண்டு பக்கம் என்று பின்னால் மருத்துவர் சொன்னார். ஒரு பக்கத்துக்கு மதிப்பெண் கொடுத்து, மறுபக்கத்துக்குத் தண்டனை கொடுத்தவள் நான்.

பொக்லைன் இருக்கையில் நாள் முழுக்கக் குலுங்கி உன் முதுகு போயிற்று. கூட வேலை பார்த்தவர் ஒருவர் வலி மாத்திரை கொடுத்தார். முதலில் அது முதுகுக்காகத்தான். பிறகு நீயே என்னிடம் சொன்னாய், சுவரைப் பார்த்துப் படுக்கிற நாட்களில் அந்த மாத்திரைதான் உன்னை எழுப்பியது, தூக்கமே வராத நாட்களில் அதுதான் உன்னைக் கிடத்தியது என்று. எது முதுகுவலிக்கு, எது மனதுக்கு, எது பழக்கத்துக்கு என்று உனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒன்று நான்காகி, நான்கு பத்தாகி, அதைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிற அளவுக்குப் போனபோது நீ என்னிடம் வந்தாய். நான் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். "அம்மா, என்னால நிறுத்த முடியலம்மா" என்றாய். நான் தலையைத் தூக்கவில்லை. "முடியலங்குற பேச்சு நம்ம வூட்டுல கெடையாது. நாளையிலேர்ந்து நிறுத்து" என்றேன். நீ தலையாட்டினாய். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மீண்டும் உளுந்தைப் புடைத்தேன். ஒரு பிள்ளை தன் வாழ்க்கையிலேயே சொல்லக் கடினமான வார்த்தையைச் சொல்லும்போது தாய் முறத்தைக் கீழே வைக்கவாவது வேண்டும். அதைக்கூட நான் செய்யவில்லை.

அதன்பிறகு பஸ் பயணங்கள். திருச்சிப் பக்கம் ஒரு போதை மறுவாழ்வு இல்லத்தில் உன்னைச் சேர்த்தேன். ஒரு வாரத்தில் கூப்பிட்டு அனுப்பினார்கள். "இவருக்கு மனநோயும் இருக்கும்மா. மொதல்ல அதச் சரி பண்ணிட்டு வாங்க." மனநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். "போதை மருந்து உள்ள போயிட்டிருக்குற வரைக்கும் நான் எதையும் உறுதியாச் சொல்ல முடியாதும்மா. மொதல்ல அத நிறுத்திட்டு வாங்க." இருவருமே கெட்டவர்கள் இல்லை. ஆளுக்குப் பாதி உன்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். எங்கள் அலுவலகத்துக்குச் சில கடிதங்கள் வரும். முகவரி எங்கள் எல்லை இல்லையென்று நாங்கள் முத்திரை குத்தி அடுத்த ஊருக்கு அனுப்புவோம். அவர்கள் முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவார்கள். உறை முழுக்க முத்திரையாகிவிடும், கடிதம் மட்டும் போய்ச் சேராது. ஜன்னலோரத்தில் நீ வியர்த்து நடுங்கிக்கொண்டிருக்க, நான் அந்தக் கடிதங்களைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஊரில் கேட்டவர்களிடம், "முதுகெலும்பு தேய்மானம், வைத்தியம் பாக்குறோம்" என்றேன்.

அந்த அலைச்சல் நின்றது உன் கையில் வந்த சீழ்க்கட்டியால். கட்டுப் போட நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். நர்ஸ் ஜோதி புண்ணைக் கழுவிக்கொண்டே, சாப்பிட்டாயா என்று கேட்பதுபோல, "இது ஊசி போட்ட எடம்தான தம்பி? எந்த மாத்திர கரைக்கிறீங்க?" என்று கேட்டார். "முள்ளு குத்திருச்சு" என்றேன் நான். ஜோதி என்னை நிமிர்ந்து பார்த்தார். "அம்மா, நான் அவரக் கேட்டேன்." என் வயதில் என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. ஆனால் அந்தப் புண்ணைக் கழுவி முடிப்பதற்குள், நான்கு வருடமாக என்னிடம் சொல்லாததையெல்லாம் நீ அவரிடம் சொல்லிவிட்டாய். அவர் உள்ளே போய் மருத்துவரை அழைத்து வந்தார். மருத்துவர் குட்டையாக, கல்லூரிப் பெண் போல இருந்தார். "நீங்கதான் டாக்டரா?" என்று கேட்டேன். "ஆமாங்கம்மா. ஒயரம் பாத்து சீட் குடுக்கல" என்றார். மறுவாழ்வு இல்லம் சொன்னதையும் மனநல மருத்துவர் சொன்னதையும் நான் வரிசையாக ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெண்டையும் சேத்தே பாப்போம்மா. இங்கயே" என்றார்.

அவர்கள் வேலை செய்கிற விதத்தை நான் ஒரு அலுவலகக்காரியின் கண்ணோடுதான் பார்த்தேன், குறை கண்டுபிடிக்கலாம் என்று. முதல் மாதங்களில் தினமும் காலையில் நீ அங்கே போக வேண்டும். நாக்கின் அடியில் வைக்கிற அந்த மாத்திரை வலி மாத்திரையின் ஏக்கத்தை அடக்கும், ஆனால் மயக்காது. அது கரைகிறவரை ஜோதி எதிரில் உட்கார்ந்திருப்பார். "ஒங்க பையன் வாயத் தொறக்க முடியாத நேரம் இது ஒன்னுதான். திட்டணும்னா இப்பவே திட்டிக்குங்கம்மா, பதில் வராது" என்பார். மனநிலையைச் சமன்படுத்தும் மாத்திரை தனி. அதற்கு அவ்வப்போது ரத்தம் எடுத்துச் சோதிப்பதும் அங்கேயே. ஆலோசகர் பஷீர் உன்னோடு பேசுவார். நீ வராத நாளில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கே வந்துவிடுவார். மாதம் ஒரு தடவை மாவட்டத்திலிருந்து மனநல மருத்துவர் வருவார்; நடுவில் சந்தேகம் வந்தால் இவர்கள் போனில் கேட்டுக்கொள்வார்கள். வியாழக்கிழமை நண்பகலில் எல்லாரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். முந்தின நாள் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்ட அதே அறை, சுவரெல்லாம் கொழுகொழுக் குழந்தைகளின் படம். ஆளுக்கொரு கோப்பு இல்லை. உனக்கு ஒரே ஒரு கோப்பு. அந்த மேஜையில் உனக்கும் ஒரு நாற்காலி. "நோயாளிய வெச்சுக்கிட்டேவா பேசுவீங்க?" என்று கேட்டேன். "அவரப் பத்திப் பேசறப்ப அவரு இல்லாம எப்புடிங்கம்மா?" என்றார் பஷீர். முப்பத்தாறு வருட அலுவலகத்தில் நான் ஒரு கூட்டத்தைக்கூட அப்படி நடத்தியதில்லை.

உன் முதுகுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து, குலுங்குகிற வண்டி இனி வேண்டாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். டிராக்டர் கலப்பைகளும் விதைக்கிற கருவிகளும் வாடகைக்கு விடும் நிலையத்தில் பழுது பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தாய். எட்டு மாதம். முகத்தில் சதை பிடித்தது. தினமும் போனது மாறி வாரத்துக்கு ஒரு தடவை மாத்திரை வாங்கி வந்தால் போதும் என்றானது. அந்த எட்டு மாதத்தை உடைத்தவள் நான்தான். இதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுத வேண்டும் என்று மூன்று நாளாக மற்றதையெல்லாம் எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம். அவர்கள் வீடு பார்க்க வருவதற்கு இரண்டு வாரம் இருந்தது. நான் உன்னை உட்காரவைத்துச் சொன்னேன். "மாத்திரையில நிக்கிறவன் குணமானவன் இல்ல. ஒன்ன விட்டு இன்னொன்னப் புடிச்சிருக்க, அவ்வளவுதான். ரெண்டையும் நிறுத்து. அவங்க வர்றப்ப வூட்டுல ஒரு டப்பா இருக்கக் கூடாது." நீ மெதுவாக, "டாக்டரக் கேட்டுட்டு வந்துடட்டுமாம்மா?" என்றாய். "பெத்தவ சொல்றேன்" என்றேன். செய்தால் முழுதாகச் செய், இல்லாவிட்டால் தொடாதே என்று கன்னியாஸ்திரிகளிடம் கற்றவள் நான். தையலுக்கும் கையெழுத்துக்கும் சரியான பாடம் அது. நோய்க்கு அது பாடமே இல்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை; சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். நீ அந்த வாரத்து மாத்திரைகளை, மனதுக்கானதையும் சேர்த்து, என் கையில் கொடுத்தாய். என் புடவைகளுக்கு நடுவில் வைத்துப் பீரோவைப் பூட்டினேன். சுகாதார நிலையத்தில் சொல்லச் சொல்லி, இரண்டு வாரம் வெளியூர் வேலை என்று ஒரு பொய்யையும் உன் கையில் கொடுத்து அனுப்பினேன்.

ஐந்து நாள் மூக்கு ஒழுக, கால் உதறிக்கொண்டு கிடந்தாய். கஞ்சி வைத்துக் கொடுத்து, "பல்லக் கடிச்சுக்கிட்டு இரு" என்றேன். அதைத்தான் வைராக்கியம் என்று நினைத்தேன். பிறகு உன் தூக்கம் போயிற்று, கண்ணில் அந்தப் பழைய வெளிச்சம் வந்தது. பெண் வீட்டார் வந்த அன்று முத்து முத்தாய் வியர்த்த நெற்றியோடு, கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். அதற்கு மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு, தண்ணீர் வரவில்லையே என்று பார்க்கப் போனவள் மோட்டார் கொட்டகையில் உன்னைக் கண்டேன். வலி மாத்திரையைக் கரைத்துப் பழைய அளவையே ஊசியில் ஏற்றியிருந்தாய். மருந்தில்லாத அந்த இரண்டு வாரத்தில் உன் உடம்பு அந்த அளவைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருந்தது. உதடு நீலம். மூச்சு எப்போதாவது ஒன்று. நான் முதலில் கூப்பிட்டது ஜோதியை. "நூத்தியெட்டுக்குச் சொல்லிட்டீங்களா? இல்லன்னா நான் சொல்றேன். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாய்ல ஒன்னும் ஊத்தாதீங்க. மூச்சப் பாத்துக்கிட்டே இருங்க, தட்டி எழுப்பிக்கிட்டே இருங்க, போன வெச்சுராதீங்க." அவர் குரலைப் பிடித்துக்கொண்டு நான் உன் தோளைத் தட்டினேன். ஆம்புலன்ஸ் வந்து ஊசி போட்டு, நீ கண் திறந்து, என்னைப் பார்த்து, "மன்னிச்சுருங்கம்மா" என்றாய். நீ என்னிடம் கேட்டாய்!

அடுத்த வியாழக்கிழமை, உன்னை இனிச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் கூட வந்தேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு பதிவுத் தபாலைத் தொலைத்தவரை நான் மன்னித்ததில்லை. மருத்துவர், "ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்கவில்லை. "என்ன நடந்துச்சு?" என்று கேட்டார். "நானேதான் மாத்திரைய நிறுத்துனேன் டாக்டர்" என்றாய். நான் சுவரில் இருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்தை மறுபடி தொடங்கினார்கள், மறுபடி தினமும் வரச் சொன்னார்கள், அவ்வளவுதான். மூன்று வியாழக்கிழமை நீ என் பொய்யைச் சுமந்தாய். நான்காவது வியாழக்கிழமை என்னால் முடியவில்லை. "அவன் நிறுத்தல. நான்தான் நிறுத்த வெச்சேன். பீரோவுல வெச்சுப் பூட்டுனேன்" என்றேன். பஷீர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "இதச் சொல்ல ஒங்களுக்கு மூணு வாரம் ஆச்சுங்கம்மா. முடியலன்னு சொல்ல அவருக்கு எத்தன நாள் ஆயிருக்கும்னு நெனச்சுப் பாருங்க." ஜோதிதான் என்னைக் கொஞ்சம் காப்பாற்றினார். "அம்மா, அந்தக் கண்ணாடியப் போட்டு எத்தன வருசம் ஆச்சு?" "முப்பது." "எப்பக் கழட்டப் போறீங்க?" "கழட்டுனா ஒன்னும் தெரியாதே." "அப்ப ஒங்களுக்கு இன்னும் கண்ணு குணமாகல?" எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடேயே புரிந்தது. கிளம்பும்போது ஜோதி சொன்னார், "இனிமே பொண்ணு பாக்குற பேச்ச எடுத்தா எங்களுக்கும் ஒரு வார்த்த சொல்லுங்க. நாங்களும் பலகாரம் சாப்புட வருவோம்ல."

அந்த ஜெயங்கொண்டத்து வரன் தானாகவே நின்றது. ஒன்றரை வருடம் கழித்து ரஞ்சன்குடிப் பக்கத்திலிருந்து கவிதா வந்தாள். பால் சங்கத்தில் ஊரார் கொண்டுவரும் பாலைச் சோதித்து எடுக்கிற பெண். முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றாய். கல்யாணம் முடிந்து மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் பழைய பாட்டைத் தொடங்கினேன். நீ குரலை உயர்த்தவில்லை. "அம்மா, இதுல மட்டும் ஒங்க பேச்ச நான் கேக்கப் போறதில்ல" என்றாய். முப்பத்து மூன்று வருடத்தில் நீ என் சொல்லை மீறியது அதுதான் முதல் தடவை. மாத்திரையை என் கையில் கொடுத்த அந்தக் கீழ்ப்படிந்த பிள்ளையைவிட, இந்தப் பிள்ளையைத்தான் நான் பெற்றதாக எனக்குத் தோன்றியது. அந்த இடத்திலேயே உன்னிடம் இதைச் சொல்லியிருக்கலாம். "ஒன் இஷ்டம்" என்று முறைத்துக்கொண்டு எழுந்து போனேன்.

கவிதாவையும் அவள் அப்பாவையும் வியாழக்கிழமை மேஜைக்கே அழைத்து வந்தாய். அவர் வெங்காய விவசாயி, வாழ்நாள் முழுக்க அழுகல் பொறுக்கிப் பழகிய கண். "ஒன்னு மட்டும் சொல்லுங்க டாக்டர். இது திரும்ப வராதா?" என்றார். "வராதுன்னு என்னால எழுதித் தர முடியாதுங்கய்யா. வந்தா எங்க வரணும்னு அவருக்குத் தெரியும். அத வேணா எழுதித் தர்றேன்" என்றார் மருத்துவர். கவிதா மருத்துவரைக் கேட்கவில்லை, உன்னைத்தான் கேட்டாள். "வரப்போவுதுன்னு எனக்கு எப்புடித் தெரியும்?" நீ யோசித்துச் சொன்னாய். "தூக்கம் கொறையும். நாலு நாளு யாரோடயும் பேசாம இருப்பேன். இல்லன்னா நாலு ஆளு பேச்ச நானே பேசுவேன். திடீர்னு வூட்டுக்கு வெள்ளையடிக்கக் கெளம்புவேன்." அவள் முகத்தை வைத்துக்கொண்ட விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. "அடிச்சு முடிச்சப்பறம் டாக்டர்கிட்ட கூட்டிட்டு வரலாமா, பாதியிலயே கூட்டிட்டு வரணுமா?" மருத்துவரே மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். அவள் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஒன்பது நாள் ஒரு தகவலும் இல்லை. நீ ஒழுங்காக வேலைக்குப் போனாய், ஒழுங்காக மாத்திரை போட்டாய். "இல்லன்னு சொன்னாலும் நான் சொன்னது சரிதாம்மா" என்றாய். நான்தான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் காலை அவர் வண்டியில் அரை மூட்டை சின்ன வெங்காயத்தோடு வந்து இறங்கினார். "எம் பொண்ணு தெனமும் எத்தன பேரு பாலுல தண்ணி ஊத்திக்கிட்டு வந்து சத்தியம் பண்றாங்கன்னு பாக்குறவ. தானா வந்து இவ்வளவு தண்ணி இருக்குன்னு சொன்ன ஆள அவ இப்பத்தான் பாத்துருக்காளாம். எனக்குப் பயமாத்தான் இருக்கு, மறைக்கல. ஆனா அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவர் பயமாக இருக்கிறது என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

இனி நீ அரியலூரில் குடித்தனம் போகப் போகிறாய். தாய் என்றால் நாலு வார்த்தை சொல்லாமல் விடமாட்டாள் என்று உனக்குத் தெரியும். கவிதாவை உன் காவல்காரியாக்காதே. மாத்திரை டப்பா உன் பொறுப்பு, உன் சட்டைப் பையில் இருக்கட்டும். அவள் அதைத் தேட வேண்டிய நிலை வரக் கூடாது. சோர்வு வந்தால் ஜோதியிடம் சொல்லப் பழகிவிட்டாய். சந்தோஷம் அளவுக்கு மேல் வந்தாலும் சொல். அதைச் சொல்வதுதான் உனக்குக் கடினம், நான் அதற்குக் கைதட்டிப் பழக்கிவிட்டேன். அரியலூரிலிருந்து வியாழக்கிழமைக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும். மழை, விருந்து, தலைதீபாவளி என்று எந்தக் காரணத்தையும் அந்த நாளில் ஏற்றாதே. அங்கேயே பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இவர்கள் ஏற்பாடு செய்து தந்தால் அதன்படி போ, நீயாக நடுவில் விடாதே. மருந்து விஷயத்தில் மருத்துவரைத் தவிர வேறு யார் சொன்னாலும் கேட்காதே. மாமனார் சொன்னாலும், பெரியவர்கள் கூட்டமாக வந்து சொன்னாலும், முக்கியமாக நான் சொன்னாலும். எனக்கு வயது எழுபத்து நான்கு. நாளைக்குப் புத்தி தடுமாறி மறுபடியும் அந்தப் பேச்சை எடுத்தால், "பேசாம இருங்கம்மா" என்று சொல்ல உனக்கு எழுத்து மூலமாக அனுமதி தருகிறேன்.

நேற்று வியாழக்கிழமை. நீ காலையிலேயே போய் அந்த வாரத்து மாத்திரையை வாங்கிக்கொண்டு அரியலூரில் வீடு துடைக்கப் போய்விட்டதால் பத்திரிகை வைக்க நான் மட்டும் சுகாதார நிலையத்துக்குப் போனேன். பெஞ்சில் நல்ல கூட்டம். பிரஷர் மாத்திரைக்கு வந்திருந்த எங்கள் பழைய தபால்காரரும் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழுந்தது அன்றைக்கே நாலு ஊருக்குப் பட்டுவாடா ஆகிவிடும். என் பக்கத்தில் பூலாம்பாடியிலிருந்து வந்த ஒரு அம்மா, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் முழுக்கைச் சட்டையில் அவள் மகன், இந்த வெயிலில் பொத்தானெல்லாம் மாட்டிக்கொண்டு. யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. அவள் மெல்லக் கேட்டாள், "நீங்க எதுக்கு வந்துருக்கீங்க?"

"எம் மகன் இங்கதான் வைத்தியம் பாக்குறான். வலி மாத்திரப் பழக்கம். கூட மனசுக்கும் வைத்தியம்."

தபால்காரர் திரும்பினார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரைத் தாழ்த்தினார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப விட்டுட்டாரா? மருந்தெல்லாம் நிறுத்தியாச்சா?"

"இல்ல. தெனமும் சாப்புடுறான்."

"எப்ப நிறுத்துவாங்களாம்?"

"அத டாக்டர் பாத்துக்குவாங்க. நாங்க, இன்னிக்குப் போட்டாச்சான்னுதான் கேப்போம். வேலைக்குப் போறான். வர்ற வாரம் கல்யாணம்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நம்பலாமா என்று எடை போடுகிறவள் போல. பிறகு, "ஒங்க பையன் பேரு என்னங்க?" என்றாள். அப்போது ஜோதி வாசலுக்கு வந்து நின்றுகொண்டிருந்தார். நான் என் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றேன். உன் அப்பாவின் முதலெழுத்தையும் சேர்த்து, உன் முழுப் பெயரை, அந்தக் கூடத்தின் கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி சொன்னேன்.

அம்மா